செவ்வாயிலும் பனி கரைகிறது என்றால், பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணமா?

கரும்பலகை:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் பதினொன்றாம் வகுப்பில் பசுமை இல்ல வாயுக்களைப் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், செவ்வாய்க் கிரகத்துலயும் பனி உருகுதாம். அங்க காரும் கிடையாது, ஃபேக்டரியும் கிடையாது. அப்போ சூரியன்தானே டீச்சர் காரணம்?" என்று கேட்டாள். அவளுடைய மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய காணொளியில் அப்படிச் சொல்லியிருக்கிறார்களாம்.

அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன். வீட்டுக்கு வந்து தேடியபோது எனக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்தக் காணொளி முழுக்கக் கற்பனை என்று ஒதுக்கவும் முடியவில்லை. செவ்வாயின் தென்துருவப் பனி ஆண்டுதோறும் பின்வாங்குகிறது என்று 2001ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் செவ்வாயின் காலநிலை உண்மையிலேயே மாறிக்கொண்டிருக்கிறதா? மாறுகிறது என்றால் எதனால்? இரண்டு கோள்களுக்கும் சூரியன் ஒன்றுதானே, ஒரே காரணம் இரண்டையும் சூடாக்குகிறது என்று நினைப்பதில் என்ன பிழை? ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு நான் எடுத்துச் சொல்லும் அளவில் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மண்ணியல் மாணவன்:

அம்மா, வணக்கம். கோள்களின் நிலவியலில் ஆய்வு செய்துகொண்டிருப்பவன் என்பதால் இதில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. அந்தக் காணொளியில் வரும் தகவலுக்கு உண்மையான மூலம் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். நீங்கள் வேதியியல் ஆசிரியை என்பதால் இது உங்களுக்கு எளிதாகப் பிடிபடும். செவ்வாயின் தென்துருவத்தில் கோடையிலும் மிஞ்சி நிற்கும் வெள்ளைப் போர்வையின் மேற்புறம் நீரால் ஆனது அன்று, உறைந்த கார்பன் டை ஆக்சைடால் ஆனது. சில மீட்டர் கனமே உள்ள அந்தப் போர்வைக்கு அடியில்தான் நீர்ப்பனி இருக்கிறது. அங்குள்ள காற்றழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்க முடியாது. எனவே அது உருகுவதில்லை, பதங்கமாகிறது. திறந்து வைத்த டப்பாவில் கற்பூரம் ஈரமே இல்லாமல் கரைந்து சிறுப்பதைப் போல.

மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற விண்கலம் 1999இலும், ஒரு செவ்வாய் ஆண்டு கழித்து 2001இலும் இந்தப் போர்வையின் அதே இடங்களைப் படமெடுத்தது. செவ்வாயின் ஓர் ஆண்டு நமக்கு 687 நாள். படங்களில் தெரிவது, தட்டையான அடித்தளமும் செங்குத்தான சுவரும் கொண்ட வட்ட வட்டமான குழிகள். ஆய்வாளர்கள் அதற்குச் சுவிஸ் பாலாடைக்கட்டி என்று பெயர் வைத்தார்கள், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆப்பம்தான். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், குழிகளின் சுவர்கள் 1 முதல் 3 மீட்டர் வரை பின்வாங்கியிருப்பது தெரியும். உங்கள் மாணவி கேள்விப்பட்ட 'உருகும் பனி' இதுதான்.

இதற்குச் சூரியன் கூடுதலாகச் சுட வேண்டிய தேவையே இல்லை. துருவத்தில் சூரியன் எப்போதும் தாழ்வாகவே நிற்பதால், தட்டையான மேற்பரப்பின்மீது ஒளி சாய்வாக விழுந்து பெரும்பாலும் எதிரொளித்துப் போய்விடுகிறது. செங்குத்தான சுவரோ அந்த ஒளியை நேருக்கு நேர் வாங்குகிறது. ஒரு முறை குழி விழுந்துவிட்டால், அதன் சுவர் ஒவ்வொரு கோடையிலும் அரிபட்டுக்கொண்டே போகும். பின்னர் வந்த மார்ஸ் ரிகான்னைசன்ஸ் ஆர்பிட்டரின் படங்களைக் கொண்டு பார்த்தபோது, சுவர்கள் அரிபடும் அதே பகுதியில் வேறு பரப்புகளில் புதிய பனி படிவதும் தெரிய வந்தது. மொத்தக் கணக்கில் போர்வை மெலிகிறதா, தடிக்கிறதா என்பதை இன்றுவரை உறுதியாகத் தீர்க்க முடியவில்லை.

காணொளிகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இரண்டாவது ஆய்வு 2007இல் வந்தது. 1970களில் வைகிங் விண்கலங்கள் வரைந்த ஒளிர்வு வரைபடத்தையும் பின்னாளில் சர்வேயர் வரைந்ததையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு, பெரும் பரப்புகள் இருண்டுபோயிருப்பதால் செவ்வாய் சுமார் 0.65 டிகிரி சூடாகியிருக்கலாம் என்று கணினி மாதிரியின் மூலம் கணக்கிட்டது. அதில் அவர்கள் சொன்ன காரணம் சூரியன் அல்ல, புழுதி. வெளிர் நிறப் புழுதியைக் காற்று வாரிக்கொண்டு போனால் அடியில் இருக்கும் கரும்பாறை வெளிப்பட்டு வெப்பத்தை அதிகம் உறிஞ்சுகிறது. இந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டிச் சூரியனைக் குற்றம் சாட்டுபவர்கள் கட்டுரையைப் படிக்கவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இது எனக்கு உள்ளபடியே வருத்தம் தரும் செய்தி.

இனி சூரியன். அதன் வெளிச்சத்தை 1978 முதல் செயற்கைக்கோள்கள் நேரடியாக அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறத்தாழ 0.1 சதவீதம் கூடிக் குறைகிறதே தவிர, பூமி சூடேறிய இந்தச் சில பத்தாண்டுகளில் நிலையான ஏறுமுகம் எதுவும் அதில் தென்படவில்லை. இதன் பக்கத்திலேயே செவ்வாயின் கணக்கையும் வைத்துப் பாருங்கள். அதன் சுற்றுப்பாதை நம்முடையதைவிட மிகவும் நீள்வட்டமானது. சூரியனுக்கு அருகில் வரும்போது 20.66 கோடி கி.மீ., விலகி நிற்கும்போது 24.92 கோடி கி.மீ. அருகில் இருக்கும் காலத்தில் அதற்குக் கிடைக்கும் வெயில் தொலைவில் இருக்கும் காலத்தைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம். ஒவ்வோர் ஆண்டும் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் கோளில், ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தின் தடத்தைச் சில ஆண்டுப் படங்களைக் கொண்டு கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வது பொருந்தாது.

மொட்டைமாடி:

மேலே நண்பர் புழுதியைத் தொட்டுவிட்டதால், என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் தொழிலால் விஞ்ஞானி அல்ல. வீட்டு மொட்டைமாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவன்.

2018 ஜூலையில் செவ்வாய் பூமிக்கு 5.76 கோடி கி.மீ. அருகில் வந்தது. 2003க்குப் பிறகு அவ்வளவு அருகில் வந்தது அப்போதுதான் என்பதால் நான் பதினைந்து ஆண்டுகளாகக் காத்திருந்தேன். ஜூலை 27 இரவு முழுச் சந்திர கிரகணம். செம்பு நிறத்தில் மங்கிய நிலவுக்குப் பக்கத்திலேயே செவ்வாய் அதைவிடச் சிவப்பாக நின்றது. மேகம் விலகிய இடைவெளியில் தொலைநோக்கியைத் திருப்பினேன். துருவப் பனியின் வெள்ளைப் புள்ளியும், சிர்ட்டிஸ் மேஜர் என்ற கரிய முக்கோணமும் தெரியும் என்று பிள்ளைகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தேன். கண்ணாடியில் தெரிந்ததோ ஓர் ஆரஞ்சு வில்லை, அவ்வளவுதான். குவியத்தைத் திருகித் திருகிப் பார்த்தேன், கண்ணருகு வில்லைகளை மாற்றினேன், ஆடியில் பனி கோத்துவிட்டதோ என்று துடைத்தேன். ஒரு வரியும் ஒரு நிழலும் தட்டுப்படவில்லை. மறுநாள்தான் புரிந்தது: தொலைநோக்கியில் கோளாறு எதுவும் இல்லை, கோள் முழுவதையும் புழுதி மூடியிருந்தது. நான் பார்த்தது செவ்வாயின் தரையை அல்ல, அதன் வானிலையை.

அந்தப் புயலில்தான் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஓய்ந்தது. 2004 ஜனவரியில் 90 நாள் வேலைக்கென்று இறங்கிய அது, 45 கி.மீ.க்கு மேல் ஓடிப் பதினான்கு ஆண்டுகளைக் கடந்திருந்தது. சூரியத் தகட்டை நம்பி வாழ்ந்த அந்த ஊர்தியின் கடைசிச் செய்தி 2018 ஜூன் 10 அன்று வந்தது. அப்போது அதன் தலைக்கு மேல் பட்டப்பகல் இரவாகியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகளை அனுப்பிப் பார்த்தும் பதில் வராததால், 2019 பிப்ரவரி 13 அன்று நாசா அதற்கு விடை கொடுத்தது. கோளின் மறுபக்கத்தில் கேல் பள்ளத்தில் இருந்த க்யூரியாசிட்டி ஊர்தி அணுமின்கலத்தால் இயங்குவதால், அதே புயலின் நடுவே நின்றுகொண்டு அளந்துகொண்டிருந்தது.

செவ்வாயை முதன்முதலில் சுற்றிவரப் போன விண்கலத்துக்கும் இதே கதிதான் வாய்த்தது. 1971 நவம்பரில் மரைனர் 9 போய்ச் சேர்ந்தபோது, கோள் முழுவதும் புழுதி. மேலே நீட்டிக்கொண்டிருந்தவை நான்கு கரும்புள்ளிகள் மட்டுமே. புழுதி அடங்க அடங்க அவை பிரம்மாண்டமான எரிமலைகளின் உச்சிகள் என்பது தெரிய வந்தது. அதே புயலுக்குள் இறங்கிய சோவியத்தின் மார்ஸ் 3 ஏறத்தாழ 20 விநாடிகள் மட்டும் பேசிவிட்டு அடங்கிப்போனது. மரைனரோ சுற்றுப்பாதையிலேயே பொறுமையாகக் காத்திருந்து, பிறகு வறண்ட ஆற்றுப் படுகைகளைப் படமெடுத்து அனுப்பியது.

நம் மங்கள்யானும் இதில் பங்கு பெற்றது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. மகேந்திரகிரியில் சோதித்த திரவ எரிபொருள் எஞ்சின், ஏறத்தாழ 300 நாள் உறங்கிக் கிடந்து, 2014 செப்டம்பர் 24 அன்று மீண்டும் எரிந்து கலத்தைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதன் பாதை 77,000 கி.மீ. வரை விலகிச் செல்லும் நீள்வட்டம் என்பதால், வண்ணப் படக்கருவியால் முழு வட்டத்தையும் ஒரே படத்துக்குள் அடக்க முடிந்தது. சேர்ந்த நான்காம் நாளே வடகோளத்தில் ஒரு புழுதிப் புயல் எழுவதைப் படம் பிடித்து அனுப்பியது.

உங்கள் மாணவிக்கு இதில் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. கோளையே மூடும் இத்தகைய புயல்கள் எல்லா ஆண்டும் வருவதில்லை. 1971, 1977, 2001, 2007, 2018 என்று ஒழுங்கில்லாத இடைவெளியில் வருகின்றன. புயலின்போது நடுவானம் பல பத்து டிகிரி சூடாகிறது, தரையோ பகலில் குளிர்கிறது, இரவில் வெதுவெதுப்பாகிறது. எனவே ஒரு புயல் ஆண்டையும் புயல் இல்லாத ஆண்டையும் பக்கத்தில் வைத்து, கோள் சூடாகிவிட்டது என்றோ குளிர்ந்துவிட்டது என்றோ எதையும் நிறுவிவிடலாம்.

கரும்பலகை:

இருவருக்கும் மிக்க நன்றி. மொட்டைமாடி ஐயா சொன்ன ஆரஞ்சு வில்லையை அப்படியே வகுப்பில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். ஆனால் அதே மாணவி அடுத்த கேள்வியோடு தயாராக இருந்தாள். "செவ்வாயில காத்துல 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. இங்க 0.04 சதவீதத்துக்கே இவ்வளவு பேசுறோம். அப்போ அது கொதிக்கணுமே, ஏன் அவ்வளவு குளிரா இருக்கு?" என்கிறாள். காற்று மிக மெல்லியது என்று சொன்னேன். அந்த விடையில் எனக்கே முழு நிறைவு இல்லை. அதோடு, ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்றால் அப்போது எப்படிச் சூடாக இருந்தது, அந்தக் காற்று எங்கே போனது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

காற்றழுத்தம்:

வானிலைத் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்வி முதலாவதைவிட ஆழமானது, அம்மா. "காற்று மெல்லியது" என்ற விடை சரியானதே. ஆனால் அதில் ஒரு படி விடுபட்டிருப்பதால்தான் உங்களுக்கு நிறைவு ஏற்படவில்லை.

ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு நிற்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பூமியில் அது ஏறக்குறைய ஆறரை கிலோ. செவ்வாயில் மொத்தக் காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார்தான், நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட எல்லாமே அந்த வாயு என்பதாலும், ஈர்ப்பு விசை குறைவு என்பதாலும் அங்கே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ நிற்கிறது. அதாவது இருபது மடங்குக்கும் மேல். இருந்தும் செவ்வாயின் பசுமை இல்ல விளைவு வெறும் 5 டிகிரி அளவே. பூமியில் 33 டிகிரி. மாணவியின் சந்தேகம் இப்போது இன்னும் கூர்மையாகிறது அல்லவா?

விடை வாயு மூலக்கூறின் இயல்பில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு எல்லா அகச்சிவப்புக் கதிரையும் விழுங்குவதில்லை. குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டுமே, மிக மெல்லிய கோடுகளாக, விழுங்குகிறது. அந்தக் கோடுகள் அகல வேண்டுமானால் மூலக்கூறுகள் மற்ற மூலக்கூறுகளோடு இடைவிடாமல் மோதிக்கொண்டிருக்க வேண்டும். பூமியில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த வேலையைச் செய்கின்றன. அவை தாமாக வெப்பத்தைப் பிடிப்பதில்லை என்றாலும், நெருக்கியடித்து மோதிக் கோடுகளை அகலப்படுத்திவிடுகின்றன. செவ்வாயில் மோதுவதற்கு ஆளில்லை. ஒரு தட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயின் தட்டியில் ஓலைகள் தடித்தவை, ஆனால் ஒவ்வொன்றும் விரல் அகலமே. ஒரே இடத்தில் ஓலைமேல் ஓலையாக எத்தனை அடுக்கினாலும் இடையிலுள்ள சந்துகளின் வழியே வெயில் போய்க்கொண்டுதான் இருக்கும். பூமியின் தட்டியில் ஓலை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் அகலமாக விரிந்து பக்கத்து ஓலையைத் தொடுகிறது. இதற்கு மேல், நம் வானில் நீராவி வேறு பல சந்துகளை அடைக்கிறது. செவ்வாயின் காற்றில் நீராவி மிகச் சொற்பம். இன்னொரு பக்கத்தில் வெள்ளியைப் பாருங்கள்: அங்கும் 96 சதவீதம் இதே வாயுதான், ஆனால் அழுத்தம் நம்மைப் போல 90 மடங்குக்கு மேல், தரையின் வெப்பம் 460 டிகிரிக்கு மேல். ஆகவே சதவீதத்தை மட்டும் வைத்துக் கோள்களை ஒப்பிடக் கூடாது என்பதை மாணவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள்.

அந்தக் காற்று சும்மா கிடப்பதுமில்லை. 1976இல் இறங்கிய இரண்டு வைகிங் கலங்களும் ஆண்டு முழுவதும் காற்றழுத்தத்தைப் பதிவு செய்தன. அந்த வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. குளிர்காலத்தில் துருவத்தின் மேல் வாயு உறைந்து தரையில் விழுவதால், கோளின் மொத்த அழுத்தமும் ஏறத்தாழ கால் பங்கு வரை இறங்கி, வசந்தத்தில் மீண்டும் ஏறுகிறது. நம் ஊரில் பெரும் புயல் கரையைக் கடக்கும்போது அழுத்தம் சில சதவீதம் குறைந்தால் அபாயக் கூண்டு ஏற்றுகிறோம். அங்கே வளிமண்டலத்தில் நாலில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பனியாகித் திரும்பி வருகிறது. 1966லேயே லேட்டன், மர்ரே என்ற இருவர் துருவப் பனி கார்பன் டை ஆக்சைடாகத்தான் இருக்க வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்துக் கருவி அந்தக் கணக்கை உறுதி செய்தது.

மண்ணியல் மாணவன்:

காற்று எங்கே போனது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஆறு ஓடியதற்குக் கையில் பிடித்துப் பார்க்கும் அளவுக்குச் சான்று உண்டு. 2012இல் க்யூரியாசிட்டி இறங்கிய சில வாரங்களுக்குள், உடைந்த நடைபாதைக் கான்கிரீட்டைப் போல ஒரு பாறை அதன் வழியில் வந்தது. அதில் பதிந்திருந்த கற்கள் உருண்டையானவை. காற்றால் தூக்க முடியாத அளவுக்குப் பெரியவை. ஓடும் நீரில் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் இல்லை. அந்த ஊர்தி பின்னர் ஏறிய ஷார்ப் மலையின் அடியில், ஏரியின் தரையில் படிந்த களிமண் பாறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இவை 300 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அன்றைய இளம் சூரியன் இன்றைய வெளிச்சத்தில் முக்கால் பங்கையே தந்துகொண்டிருந்தது என்பதையும் கவனியுங்கள்: சூரியன் மங்கலாக இருந்தபோது செவ்வாயில் நீர் ஓடியது, சூரியன் பிரகாசமான பிறகு அது உறைந்து வறண்டது. சூரியனே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலம் தொடர்ந்து வெதுவெதுப்பாக இருந்ததா, அல்லது குளிருக்கு இடையில் அவ்வப்போது மட்டும் நீர் ஓடியதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒற்றுமை இல்லை.

செவ்வாய்க்கு ஒரு காலத்தில் கோள் முழுவதற்குமான காந்தப்புலம் இருந்தது. சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் அது அணைந்துபோனது. பிறகு சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்றும் புற ஊதாக் கதிரும் மேல் வளிமண்டலத்தை அரித்தன. இதை அளப்பதற்கென்றே 2014இல் மேவன் விண்கலம் போய்ச் சேர்ந்தது. அது கையாண்ட வழி ஒரு வேதியியல் ஆசிரியைக்குப் பிடிக்கும். ஆர்கான் எதனோடும் சேராத வாயு, பாறையிலும் ஒளிந்துகொள்ளாது. எனவே அது குறைந்திருந்தால் விண்வெளிக்குத்தான் போயிருக்க வேண்டும். இலேசான ஐசோடோப்பு மேலே மிதந்து முதலில் தப்பிக்கும், கனமானது பின்தங்கும். நிறை எண் 36, 38 கொண்ட இரண்டு ஐசோடோப்புகளின் விகிதத்தை உயரவாரியாக அளந்து, செவ்வாயில் இருந்த ஆர்கானில் சுமார் 65 சதவீதம் ஏற்கெனவே போய்விட்டது என்று 2017இல் கணக்கிட்டார்கள். ஆர்கானுக்கே இந்தக் கதி என்றால் கார்பன் டை ஆக்சைடிலும் பெரும்பகுதி அதே வழியில் போயிருக்கும். மற்றொரு பங்கு பாறைக்குள் போனது; கேல் பள்ளத்தில் துளையிட்ட பாறைகளில் இரும்புக் கார்பனேட் கணிசமாக இருப்பதை க்யூரியாசிட்டி குழு 2025இல் அறிவித்தது.

மொட்டைமாடி ஐயாவின் புழுதியும் இந்தக் கதைக்குள் வருகிறது. பெரும் புயலின்போது நடுவானம் சூடாவதால், வழக்கமாகத் தாழ்வாகவே உறைந்து நின்றுவிடும் நீராவி வெகு உயரத்துக்கு ஏறிவிடுகிறது. அங்கே சூரிய ஒளி அதைப் பிளக்க, ஹைட்ரஜன் தப்பி ஓடுகிறது. 2018இல் ஐயா கண்ட ஆரஞ்சு வில்லைக்குள் செவ்வாய் தன் மிச்ச நீரில் இன்னும் கொஞ்சத்தை இழந்துகொண்டிருந்தது.

இதற்கும் துருவக் குழிகளுக்கும் இடைப்பட்ட கால அளவில் வேறொரு மாற்றமும் நடக்கிறது. பூமியின் அச்சுச் சாய்வு 22 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையிலேயே ஊசலாடுகிறது. நிலவு அதைப் பிடித்து நிறுத்துகிறது. செவ்வாயின் இரண்டு நிலவுகளும் வெறும் கற்கள். அவற்றால் அப்படிப் பிடிக்க முடியாது. இன்று 25 டிகிரியாக இருக்கும் அதன் சாய்வு, கடந்த ஒரு கோடி ஆண்டில் ஏறத்தாழ 15இலிருந்து 45 டிகிரிக்குப் பக்கம் வரை போய் வந்திருக்கிறது. சாய்வு கூடும்போது துருவத்தில் வெயில் உறைக்கிறது, அங்கிருக்கும் பனி கிளம்பித் தாழ்ந்த அட்சரேகைகளில் போய்ப் படிகிறது, குறையும்போது திரும்புகிறது. வடதுருவப் பனிச்சரிவின் படத்தைப் பார்த்தால், கட்டி வைத்த ஏட்டுச் சுவடியை விளிம்பிலிருந்து பார்ப்பதைப் போல வெளிறியும் கறுத்தும் மாறி மாறி அடுக்குகள் தெரியும். ரேடார் கொண்டு அந்த அடுக்குகளைத் துருவி, செவ்வாயின் கடைசிப் பனியுகம் சுமார் 3,70,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்று 2016இல் கணித்தார்கள்.

அந்தப் பனி இன்னும் மண்ணுக்கடியில் கிடக்கிறது. 2021 டிசம்பர் 24 அன்று ஒரு விண்கல் விழுந்ததை இன்சைட் கலத்தின் நில அதிர்வுக் கருவி பதிவு செய்தது. சுற்றிவரும் கலத்திலிருந்து அந்த இடத்தைப் படமெடுத்தபோது, 150 மீட்டர் அகலப் பள்ளமும் அதைச் சுற்றிச் செம்மண்ணில் சிதறிக் கிடந்த வெள்ளைப் பனிக்கட்டிகளும் தெரிந்தன. அந்த இடம் 35 டிகிரி வட அட்சரேகையில், துருவத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது.

கரும்பலகை:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஓலைத் தட்டி விளக்கத்தைக் கேட்டதும் அந்த மாணவி தானாகவே, "அப்போ இங்க ஓலை ஏற்கெனவே அகலமா இருக்கு, நாம இன்னும் ஓலை சொருகிக்கிட்டே இருக்கோம்" என்றாள். தொழிற்சாலைகளுக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது என்ற அட்டவணை அதே பாடத்தில் இருக்கிறது; அதைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைய வகுப்பை முடித்தேன். மாமாவுக்குத் தானே பதில் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

காற்றழுத்தம் ஐயா சொன்ன வரைபடத்தைப் பிள்ளைகளைக் கொண்டே போட வைக்கலாம் என்று நினைக்கிறேன். க்யூரியாசிட்டியின் அன்றாட வானிலைப் பதிவுகள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. வரைபடத்தாளில் ஒரு செவ்வாய் ஆண்டுக்கான அழுத்தத்தைக் குறிக்கச் சொல்லப் போகிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

காற்றழுத்தம்:

உண்டு, அம்மா. கிடைமட்ட அச்சில் நம் மாதங்களைப் போடாதீர்கள். செவ்வாயின் பருவத்தைச் சூரியத் தீர்க்கரேகையால், அதாவது சூரியனைச் சுற்றும் பாதையில் கோள் நிற்கும் கோணத்தால், 0 முதல் 360 டிகிரி வரை குறிப்பது வழக்கம். 0 என்பது வடகோள வசந்தத்தின் தொடக்கம். அப்படிப் போட்டால் 150 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளமும் 250 டிகிரியை ஒட்டி ஒரு மேடும் தெளிவாக வரும். பள்ளம், தென்துருவக் குளிரில் காற்று உறைந்து கிடக்கும் காலம்.

இரண்டு மூன்று ஆண்டுகளை ஒரே தாளில் போட்டால், பிந்தைய ஆண்டின் கோடு முந்தையதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கவனிப்பார்கள். செவ்வாயின் காற்று நம் கண்முன்னே குறைகிறது என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஊர்தி இறங்கிய இடத்திலிருந்து இதுவரை 600 மீட்டருக்கும் மேல் மலையேறியிருக்கிறது. உயரம் கூடக் கூட அழுத்தம் குறையும். அந்த உயரத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம் இறங்கியாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஊர்தி நின்ற உயரத்தையும் தாளின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.